மாமிசத்துக்கு முத்திரை கொடுத்த டாக்டர்

கெட்டுப்போன சாப்பாட்டால் வாந்தி, பேதி என்று பலர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பத்திரிகைகளில் அடிபடும் பெயர் "சால்மோனெல்லா". சால்மன் மீனிலிருந்து வந்த பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அது ஒரு மனிதரின் பெயர். அவர், அமெரிக்க கால்நடை டாக்டர் டேனியல் எல்மர் சால்மன்.

கடை குமாஸ்தா

1850-ம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். பண்ணையில் உழைத்தார். கிராமக் கடை ஒன்றில் குமாஸ்தாவாகவும் இருந்தார்.

1868-ல் கார்னெல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, முதல் மாணவர் கூட்டத்தில் அவரும் சேர்ந்தார். 1876-ல் கால்நடை மருத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் நபர் அவர்தான்.

கப்பல் ஏறாத மாமிசம்

அப்போது அமெரிக்காவின் மாமிச வியாபாரம் பெரும் சோதனையில் இருந்தது. அங்கிருந்து வந்த பன்றி மாமிசத்தில் "டிரிக்கினா" என்ற நுண்ணிய புழு இருப்பதாக ஐரோப்பாவில் பீதி கிளம்பியது. அரைவேக்காட்டுக் கறியைத் தின்றால், அந்தப் புழு மனிதனின் சதைக்குள் புகுந்து விடும். காய்ச்சலும் வலியும் வரும். உயிரும் போகலாம்.

1879-ல் இத்தாலி தடை போட்டது. 1881-ல் பிரான்சும், 1883-ல் ஜெர்மனியும் கதவை மூடின. அமெரிக்க மாடுகளுக்கு நுரையீரல் தொற்று நோய் இருந்ததால், அவற்றை இறங்கிய துறைமுகத்திலேயே வெட்டிவிட வேண்டும் என்று இங்கிலாந்து உத்தரவிட்டது.

இந்த நிலையில் 1884-ல் அமெரிக்க அரசு கால்நடைத் தொழில் இலாகாவை அமைத்தது. அதன் முதல் தலைவர் சால்மன்.

நோய் கண்ட மந்தைகளைத் தனிமைப்படுத்தினார். நோயுற்ற மாடுகளைக் கொன்று, உரிமையாளருக்கு நஷ்டஈடு கொடுத்தார். 1892-ல் நுரையீரல் நோய் அமெரிக்காவிலிருந்தே ஒழிந்தது.

டெக்சாஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோயை உண்ணிகள் பரப்புகின்றன என்பதும் அவரது இலாகாவில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தெற்கத்தி மாடுகளை ஏற்றிய ரயில் பெட்டிகளைக் கழுவி, கிருமிநாசினி தெளிக்கவும் விதிமுறை வந்தது.

சால்மோனெல்லா கிருமியை 1885-ல் பன்றிகளில் கண்டவர் அவரது உதவியாளர் தியோபால்டு சுமித். ஆனால் 1900-ல் பெயர் சூட்டியபோது, பெருமை தலைவருக்கே போய்விட்டது!

யாருக்கு நல்ல கறி?

1890, 1891-ம் ஆண்டுகளில் மாமிசப் பரிசோதனைச் சட்டங்கள் வந்தன. வெட்டுமுன் ஒரு சோதனை, வெட்டிய பின் ஒரு சோதனை என்ற முறை ஏற்பட்டது. தேறிய மாமிசத்துக்கு அரசு முத்திரை கிடைத்தது. ஏற்றுமதிப் பன்றி மாமிசத்தைத் துண்டு துண்டாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இந்த வேலையில் பெண்கள் பலர் அமர்த்தப்பட்டனர். 1891-ல் ஜெர்மனி தடையை நீக்கியது.

ஆனால் மைக்ராஸ்கோப் சோதனை ஏற்றுமதி மாமிசத்துக்கு மட்டும்தான். உள்ளூர்வாசிக்கு அது இல்லை. அவன் நன்றாக வேகவைத்துத் தின்றால் போதும் என்று விட்டு விட்டார்கள். "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்ற சொல்லை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

லேபிளால் வந்த வினை

1905-ல் சால்மன் மீது புகார் எழுந்தது. மாமிசப் பரிசோதனை லேபிள்களை அச்சடித்துக் கொடுத்த காண்டிராக்டருடன் அவர் கூட்டாளியாக இருந்தார் என்பதுதான் புகார். விசாரணையில் அவர் மீது குற்றம் இல்லை என்றார்கள். ஆயினும் அதே ஆண்டில் பதவி போயிற்று. முத்திரைக்கு மதிப்பு தேடித் தந்தவரை லேபிள் கவிழ்த்து விட்டது!

அடுத்த ஆண்டு, 1906-ல், அப்டன் சிங்ளேரின் "தி ஜங்கிள்" நாவல் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசுத்தத்தை அம்பலப்படுத்தியது. மக்கள் கொதித்தனர். சோதனையும் சுத்தமும் கடுமையாகும்படி புதிய சட்டம் பிறந்தது. அதைப் பதவியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு சால்மனுக்கு இல்லை.

அவர் தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டுக்குப் போய், கால்நடை மருத்துவக் கல்வியை வளர்த்தார். பிறகு தாயகம் திரும்பி, மான்டானாவில் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து தயாரித்தார். 1914-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி நிமோனியாவால் காலமானார்.

இன்று இந்தியாவிலிருந்து கப்பல் ஏறும் எருமை மாமிசமும் கால்நடை டாக்டரின் சோதனையைத் தாண்டியே போகிறது. அதே கவனம் நம் தெருக் கறிக்கடைக்கும் கிடைக்க வேண்டும். முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதை நன்றாக வேகவையுங்கள்.