கால்களைக் காத்த டாக்டர் லிஸ்டர்

1865-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறுவனைத் தூக்கி வந்தார்கள். பெயர் ஜேம்ஸ் கிரீன்லீஸ். வயது 11. வண்டிச் சக்கரம் ஏறி, இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. தோலும் கிழிந்திருந்தது.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயம் சீழ் பிடிக்கும். காலை வெட்டி எடுப்பார்கள். அப்படியும் பலர் பிழைப்பதில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று டாக்டர்கள் எண்ணினார்கள்.

அன்று சிறுவனைக் கவனித்த டாக்டர் அப்படி எண்ணவில்லை. அவர்தான் ஜோசப் லிஸ்டர்.

வியாபாரியின் மகன்

லிஸ்டர் 1827-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஒயின் வியாபாரி. மைக்ராஸ்கோப்பைச் சீர்திருத்திப் பெயர் பெற்றவர். மகன் டாக்டருக்குப் படித்து, 1860-ல் கிளாஸ்கோவில் பேராசிரியர் ஆனார்.

குடுவையில் வைத்த சாறு தானாகக் கெடுவதில்லை. காற்றில் வரும் கிருமிகள் விழுந்து பெருகுவதால்தான் கெடுகிறது. இதை பிரான்சு நாட்டு விஞ்ஞானி பாஸ்டர் நிரூபித்திருந்தார். கிருமியை ஒழிக்க, காய்ச்சலாம், வடிகட்டலாம், ரசாயனம் சேர்க்கலாம்.

புண்ணும் அந்தச் சாறு போலத்தானே என்று லிஸ்டர் யோசித்தார். ஆனால் மனிதனின் காலைக் காய்ச்ச முடியுமா? வடிகட்டத்தான் முடியுமா? மிஞ்சியது ரசாயனம் ஒன்றே!

சாக்கடை மருந்து

கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்க, தாரிலிருந்து எடுத்த கார்பாலிக் அமிலத்தை ஊற்றினார்கள். லிஸ்டர் இதை அறிந்திருந்தார். அதில் நனைத்த துணியைச் சிறுவனின் காயத்தில் வைத்துக் கட்டினார்.

4 நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தார். சீழ் இல்லை! ஆனால் மருந்தின் காரத்தால் தோல் புண்ணாகியிருந்தது. உடனே எண்ணெய் கலந்து காரத்தைக் குறைத்தார். 6 வாரத்தில் எலும்பு கூடியது. சிறுவன் தன் காலாலேயே நடந்து வீடு திரும்பினான்.

1864, 1866 ஆண்டுகளில் லிஸ்டரிடம் கை, கால் வெட்டிக்கொண்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். 1867 முதல் 1869 வரை 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

தவறை ஒப்புக்கொண்டார்

காற்றிலும் கார்பாலிக்கைத் தெளிக்க வேண்டும் என்று பல ஆண்டு சொல்லி வந்தார் லிஸ்டர். அது தேவையில்லை என்று தெரிந்ததும், 1890-ல் பெர்லின் மாநாட்டில் பலர் முன்னிலையில் அதற்காக வெட்கப்படுவதாகக் கூறினார். அந்தப் பெரிய மனம் யாருக்கு வரும்!

1912-ல் லிஸ்டர் காலமானார். இன்று சில தடுப்பூசி மருந்துகளிலும் இன்சுலினிலும் கிருமி வளராதிருக்க பீனால் என்ற பொருளைத் துளியளவு சேர்க்கிறார்கள். சாக்கடையில் ஊற்றிய அதே கார்பாலிக் அமிலம்தான் அது!