மறைந்த பெயர்களை மீட்ட ஓவியர்

ஜெர்மன் நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிலிப் உபன்பாக் என்ற ஓவியர் வாழ்ந்து வந்தார். அவரிடம் ஒரு பழைய சித்திரக் கட்டு இருந்தது. அவருடைய ஆசானுக்கு ஆசானாக விளங்கிய ஒருவர் தீட்டியவை அவை. பள்ளிச் சிறுவன் ஒருவன் அந்த வீட்டுக்கு அடிக்கடி போவான். ஓவியர் மனமகிழ்ச்சியோடு இருக்கும் நாளாகப் பார்த்துக் கேட்டால், கட்டை அவிழ்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். அவற்றின் அருமை இன்னதென எடுத்துரைப்பார். பின்னாளில் உபன்பாக் மறைந்தார். அவர் மனைவி கட்டை விற்றுவிட்டார். அவற்றைத் தீட்டிய கைக்குரியவனின் பெயரோ, அதற்கு முன்பே நாட்டார் நினைவிலிருந்து நழுவத் தொடங்கிவிட்டது. சிறுவன் மட்டும் மறக்கவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றபின், எழுபதை எட்டும் வயதில், அந்தச் சித்திரங்களைப் பற்றியும் அவற்றைத் தீட்டியவனைப் பற்றியும் எழுதி அச்சேற்றினான்.

அந்தச் சிறுவன்தான் யோவாக்கிம் சாண்ட்ரார்ட். தம் காலத்தில் மன்னர்கள் மதித்த ஓவியர். இன்று அவருடைய படங்களைத் தேடிச் சென்று பார்ப்போர் சிலரே. ஆனால் ஜெர்மானியக் கலையின் வரலாறு பேச முற்படும் எவரும் அவர் எழுதிய நூலைப் புரட்டாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. தூரிகையால் கிட்டாத நிலைபேறு பேனாவால் கிட்டிய அந்த மனிதரின் கதையைத்தான் இன்று நாம் சொல்ல வந்தோம்.

1606-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள் பிராங்க்பர்ட்டில் பிறந்தார். சமயக் கொடுமைக்கு அஞ்சி வந்து குடியேறிய கால்வினியக் குடும்பம் அவருடையது. அவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய 1618-இல்தான் முப்பதாண்டுப் போர் மூண்டது. சமயத்தின் பெயரால் தொடங்கி, அரசர்களின் ஆசையால் நீண்டு, ஜெர்மன் மண்ணைச் சுடுகாடாக்கிய போர் அது! அந்தப் போர் அவரை விட்டு விலகவேயில்லை. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே வந்து நின்றது.

செதுக்குச் சித்திரம் பயில நூரம்பர்க்குக்குப் போனார். அங்கிருந்து, புகழ்பெற்ற செதுக்கோவியர் எகிடியஸ் சாடலரைக் காணப் பிராக் நகருக்குக் கால்நடையாகவே நடந்தார். மாணவனாகச் சேர்த்துக் கொள்ளும்படி வேண்டிய இளைஞனிடம் சாடலர் வேறொரு வழி காட்டினார். செப்புத் தகட்டோடு போராடிக் காலத்தைக் கழிக்காதே, வண்ணம் தீட்டக் கற்றுக்கொள் என்பது அவர் தந்த அறிவுரை. தம் தொழிலின் உச்சியில் இருந்தவர் தம் தொழிலையே வேண்டாம் என்று சொன்னால், கேட்பவன் என்ன செய்வான்? சாண்ட்ரார்ட் ஹாலந்து சென்றார். உட்ரெக்ட் நகரில் ஹோந்தோர்ஸ்ட் என்ற ஓவியரின் கூடத்தில் சேர்ந்தார். 1627-இல் அங்கே ஓவிய உலகின் பேரரசர் ரூபன்ஸ் வந்தார். கூடத்திலிருந்த ஒரு படம் அவர் கண்ணைக் கவர்ந்தது. யார் தீட்டியது என்று கேட்டபோது, ஆசான் கைகாட்டியது சாண்ட்ரார்ட்டை. ஹாலந்துப் பயணத்தில் ரூபன்சுக்குத் துணையாகச் செல்லும் பேறும் அவருக்கு வாய்த்தது. இதைச் சொன்னவரும் சாண்ட்ரார்ட்தான் என்பதை மறைக்காமல் குறிப்பிடுவது நம் கடமை. தம் பெருமையைச் சொல்ல அவர் என்றுமே கூச்சப்பட்டவரல்லர்.

1628-இல் ஆசானோடு லண்டன். முதலாம் சார்லஸ் மன்னரின் அரண்மனை. 1629-இல் இத்தாலி. வெனிஸ் வழியாக ரோமாபுரியை அடைந்து, அங்கே வின்சென்சோ ஜுஸ்டினியானி என்ற செல்வரின் மாளிகையில் தங்கினார். அந்தச் செல்வர் சேர்த்து வைத்திருந்த பழஞ்சிலைகளை எல்லாம் செதுக்குச் சித்திரங்களாக்கி வெளியிடும் பெரும்பணியில் சாண்ட்ரார்ட்டுக்கு முக்கியப் பங்கு கிடைத்தது. அதே மாளிகையில்தான் கராவாஜியோ தீட்டிய காதற் கடவுளின் படம் இருந்தது. அதைக் கண்ட பிறகு மற்ற எந்தப் படமும் கண்ணுக்கு ஏறாது. ஆகவே பச்சைப் பட்டுத் திரையிட்டு மூடி வையுங்கள், எல்லாவற்றையும் காட்டிய பிறகு இறுதியில் திரையை விலக்குங்கள் என்று யோசனை சொன்னவர் சாண்ட்ரார்ட். பிறர் கைவண்ணத்தின் முன் மலைத்து நிற்கத் தெரிந்தவர் அவர் என்பதற்கு இது ஒன்று போதும். ஓவியனுக்கு அந்தக் குணம் பல நேரங்களில் இடையூறு. வரலாறு எழுத வருபவனுக்கோ அதுவே முதல் தகுதி.

ரோமாபுரிக்கு வெளியே, திவோலி அருவிப் பக்கம், கிளாட் லொரேன் என்ற இயற்கை ஓவியரோடு வயல்வெளியில் அமர்ந்து தீட்டிய நாட்களும் உண்டு. சாண்ட்ரார்ட்டின் கண் அருகிலிருந்த பாறையிலும் மரத்திலும் நின்றது. கிளாடின் கண் தொலைவில் மங்கும் வானத்தையே நாடிற்று. புகழ் யாரை நாடிச் சென்றது என்பதை உலகம் அறியும்.

1635-இல் பிறந்த ஊருக்குத் திரும்பினார். ஊரா அது? பஞ்சமும் கொள்ளை நோயும் படைவீரரும் பங்கு போட்டுக் கொண்டிருந்த இடம்! மணம் முடித்த கையோடு, 1637-இல், மனைவி ஜொஹன்னாவுடன் ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்பட்டார். அங்கே செல்வம் இருந்தது; வணிகர்களின் ஆதரவு இருந்தது. பிரெஞ்சு நாட்டு அரசமாதா மரியா டி மெடிசி 1638-இல் அந்நகருக்கு வந்ததை நினைவுகூர, பிக்கர் என்ற தலைவரின் ஊர்க்காவற் படையினரைப் பெரும்படமாகத் தீட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. 1640-இல் அதை முடித்தார். ஒழுங்கான படம், குறை சொல்ல இடமில்லாத படம். ஆனால் அது மாட்டப்பட்ட அதே மண்டபத்துக்கு, 1642-இல் இன்னொரு காவற்படைப் படம் வந்து சேர்ந்தது. ரெம்பிராண்ட் தீட்டிய இரவுக் காவல் அது! அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாருடைய படம் பேசப்பட்டது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

ரெம்பிராண்டைச் சாண்ட்ரார்ட் நேரில் அறிந்தவர். பின்னாளில் அவர் வரலாற்றையும் எழுதினார். உழைப்பையும் வண்ணத்திறனையும் ஒப்புக்கொண்டார். ஆனால் இத்தாலிக்குப் போகாதவர், இலக்கணம் மதியாதவர், எளியவரோடு கூடிப் பழகுபவர் என்று குறையும் சொன்னார். எளியவரோடு பழகியதை ஒரு குற்றமாகச் சாட்டியது நமக்கு உடன்பாடில்லை. சாண்ட்ரார்ட்டின் கண்ணில் பட்டை கட்டியிருந்த இடம் இது என்றே கொள்கிறோம். எனினும், தமக்குப் பிடிக்காதவரையும் விட்டுவிடாமல் எழுதி வைத்தாரே! ரெம்பிராண்டோடு ஒரே ஊரில் வாழ்ந்தவர் தந்த சான்று என்பதால், அந்தக் குறைகூறலையும் ஆராய்ச்சியாளர் போற்றி வைத்திருக்கின்றனர்.

1645 வாக்கில், மனைவி வழியாகப் பவேரியாவில் ஸ்டோக்காவ் என்ற பண்ணை அவருக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமை விட்டுச் சொந்த நாட்டு மண்ணுக்குத் திரும்பினார். 1647-இல் பிரெஞ்சுப் படை அதைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. சாம்பலிலிருந்து மீண்டும் கட்டினார். அடுத்த ஆண்டே போர் ஓய்ந்தது. சமாதான உடன்பாட்டை நிறைவேற்றும் பேச்சு நூரம்பர்க்கில் நடந்தபோது, 1649 செப்டம்பரில் சுவீடனின் சார்பில் காரல் குஸ்தாவ் நகர்மன்ற மண்டபத்தில் பெருவிருந்து வைத்தார். நேற்றுவரை ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்க நின்றவர்கள் ஒரே மேசையில் உண்டனர். அந்தக் காட்சியைத் தீட்ட அழைக்கப்பட்டவர் சாண்ட்ரார்ட். படத்தின் ஓரத்தில் தம்மையும் சேர்த்துக் கொண்டார். போரால் வீடிழந்தவனுக்குச் சமாதானத்தைத் தீட்டும் உரிமை இல்லாமற் போகுமா?

பிறகு வியன்னாவிலும் லாம்பாக் மடத்திலும் கத்தோலிக்கப் பீடங்களுக்குப் படங்கள் தீட்டினார். அவரோ கால்வினியர். 1653-இல் பேரரசர் மூன்றாம் பெர்டினாண்ட் அவருக்குப் பிரபுப் பட்டம் தந்தார். இவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1670-இல் பண்ணையை விற்றார். 1672-இல் மனைவியை இழந்தார். 1673-இல் எஸ்தர் பார்பரா என்ற இளம் பெண்ணை மணந்தார். அதன்பின் நூரம்பர்க்கே அவர் ஊர். ஓய்ந்து உட்காரும் வயதில்தான் வாழ்நாளின் பெரும்பணி தொடங்கிற்று. இத்தாலியருக்கு வசாரி 1550-லேயே ஓவியர் வரலாறு எழுதிவிட்டார். நெதர்லாந்தருக்கு வான் மாண்டர் 1604-இல் எழுதினார். ஜெர்மானியருக்கு அப்படியொரு முழுநூல் இல்லை. கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகிய கலைகளின் ஜெர்மன் கழகம் என்ற பொருள்படும் பெயரோடு, 1675-இல் முதற் பகுதியும் 1679-இல் அடுத்த பகுதியும் வெளிவந்தன.

எந்த மொழியில்? ஜெர்மன் மொழியில்! கற்றவர் லத்தீனில் எழுதுவதும், பிரபுக்கள் பிரெஞ்சில் பேசுவதும், கலைஞர்கள் இத்தாலியச் சொற்களை உதிர்ப்பதுமே பெருமை என்று நாடு மயங்கிக் கிடந்த காலம் அது. கலைச்சொல்லுக்குத் தாய்மொழியில் இடம் உண்டா என்று ஏளனம் பேசுவோருக்கு எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை என்பதை நாம் அறிவோம். சாண்ட்ரார்ட் தாமே தேர்ந்த எழுத்தாளரல்லர். நூரம்பர்க் கவிஞர் சிக்மண்ட் வான் பிர்க்கன் நடையைச் சீர்செய்து உதவினார். ஜெர்மன் மொழியைப் பேணி வளர்க்க 1617-இல் தோன்றிய கனிதரு கழகம் 1676-இல் சாண்ட்ரார்ட்டைத் தன் உறுப்பினராக ஏற்று, பொதுநலம் பயப்பவர் எனும் பொருள் தரும் பெயரையும் சூட்டிற்று. லத்தீன் பதிப்பும் வந்தது உண்மையே. ஆனால் 1683-இல், தாய்மொழிப் பதிப்புக்குப் பின்னால்!

நூலில் கடன் வாங்கியது நிறைய உண்டு. வசாரியிடமிருந்தும் வான் மாண்டரிடமிருந்தும் பக்கம் பக்கமாக எடுத்திருக்கிறார். அந்தப் பகுதிகளை நாம் தள்ளிவிடலாம். தாமே தேடிக் கண்டு, கேட்டு, திரட்டியவை இருக்கின்றனவே, அவைதாம் பொன். சிறுவயதில் பார்த்த சித்திரக் கட்டுக்கு உரியவனையும் அங்கேதான் உலகின் முன் நிறுத்தினார். மத்தேயுஸ் குருனேவால்ட் என்று பெயர் கொடுத்தார். இவனைப் பற்றி வாயால் சொல்லக்கூட ஓர் ஆள் உயிரோடில்லையே என்று வருந்தினார். மைன்ஸ் தேவாலயத்திலிருந்த அவனுடைய மூன்று பீடப் படங்கள் போர்க்காலத்தில் சுவீடனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1631 அல்லது 1632-இல் கப்பலோடு கடலில் மூழ்கிப் போயின என்ற செய்தியும் அவர் தந்ததே. அவற்றில் ஒன்று: உறைந்த ரைன் ஆற்றின் மீது பையனோடு நடந்து வரும் குருட்டுத் துறவியைக் கொலைகாரர் இருவர் தாக்குகின்றனர், அலறும் பையன் மேல் அவர் விழுந்து கிடக்கிறார். படம் கடலடியில். சாண்ட்ரார்ட் எழுதிய வரிகளில்தான் இன்று அதைக் காண முடியும்.

அவர் தந்த பெயர் பிழையானது. மாத்திஸ் கோட்டார்ட் நித்தார்ட் என்பதே அந்த ஓவியரின் பெயர் என்று இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆனாலும் கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் ஈசன்ஹைம் பீடத்தின் முன் கண்கலங்கி நிற்பவர்கள் இன்றும் குருனேவால்ட் என்றே சொல்கின்றனர். பிழையோடு எழுதினார் என்று குறை கூறலாம். எழுதாமலே விட்டிருந்தால்?

வாழ்ந்து கொண்டிருந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. பூச்சிகளையும் மலர்களையும் தீட்டிய மரியா சிபில்லா அன்று நூரம்பர்க்கில் வாழ்ந்த இளம்பெண். பிற்காலத்தில் மேரியன் என்று உலகப்புகழ் பெற்றவர். அவருக்கும் நூலில் இடம் தந்தார். 1662-இல் தம் அண்ணன் வழி உறவினர் யாக்கோப் சாண்ட்ரார்ட் முன்னின்று தொடங்கிய நூரம்பர்க் ஓவியக் கழகத்துக்குத் தலைமை ஏற்று இளைஞர்களைப் பயிற்றினார்.

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஜெர்மன் ஓவியத்தின் தலைமகன் ஆல்பிரெக்ட் டியூரரின் கல்லறை இருந்தது. 1528-இல் மறைந்தவர். அவருடைய மனைவி குடும்பத்தாரின் கல்லறை அது, கவனிப்பாரின்றிப் போய்விட்டது. 1681-இல் சாண்ட்ரார்ட் அதைப் பொறுப்பேற்றுப் புதுப்பித்தார். டியூரரின் புகழைச் சொல்லும் எழுத்துகளைப் பொறித்து வைத்தார். அப்போது அவருக்கு வயது 75. அதன்பின் ஏழாண்டுகள் இருந்து, 1688 அக்டோபர் 14-ஆம் நாள் அதே நூரம்பர்க்கில் கண்மூடினார்.