அருணாசலம் கேட்ட பல்கலைக்கழகமும் ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளும்

1924 ஜனவரி 9ஆம் திகதி, தமிழகத்துக்கு யாத்திரை போயிருந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் மதுரையில் காலமானார். மூன்று மாதங்கள் கழித்து, அதே ஆண்டு ஏப்ரலில், முதல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் கணக்கில் இரண்டும் அருகருகே வைக்கப்பட வேண்டியவை. தேயிலையை இறக்குவதற்காகப் போடப்பட்டது ரயில் பாதை. அந்தத் தேயிலையைக் கொய்தவர்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை ஒழிக்கத் தன் கடைசிப் பத்து ஆண்டுகளைச் செலவிட்டவர்களில் முதன்மையானவர் அருணாசலம்.

நம்மில் பெரும்பாலானோர் அவரை வேறொரு கதையில்தான் அறிவோம். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சொன்ன வாக்குறுதி மீறப்பட்டதும் மனம் கசந்து வெளியேறினார். தமிழர் அரசியல் வரலாற்றை யார் எழுதினாலும் அந்த ஏமாற்றத்தை முதல் அத்தியாயத்தில் வைக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்த ஓர் ஆசனத்தின் நிழலில் அவருடைய வாழ்க்கையின் இரண்டு பெரிய வேலைகள் மறைந்து போயின. ஒன்று, இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம். மற்றது, தோட்டத் தொழிலாளரின் விடுதலை.

1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர் அவர். தந்தை பொன்னம்பல முதலியார், பூர்வீகம் மானிப்பாய். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. அண்ணன்மார் பொ. குமாரசுவாமியும் பொ. இராமநாதனும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இன்று நிற்கும் நிலத்தில் பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டியவர் இராமநாதன்தான். அருணாசலம் கொழும்பு அக்கடமியில் படித்து, அரசுப் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். 1875இல் போட்டிப் பரீட்சை வழியாக இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார். நீதிவான், மாவட்ட நீதிபதி, பதிவாளர் நாயகம் என்று படிகள் ஏறினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அவருடைய பொறுப்பில் நடந்தது.

கேம்பிரிட்ஜில் அவருக்கு எட்வர்ட் கார்பெண்டர் என்ற நண்பர் கிடைத்தார். இந்த நட்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்பெண்டர் கல்லூரிப் பதவியை உதறிவிட்டு, வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குப் போய்ப் பாடம் நடத்தியவர். பல்கலைக்கழகத்துக்குள் வர முடியாத தொழிலாளரையும் பெண்களையும் தேடி விரிவுரையாளர்களே ஊர் ஊராகப் போகும் திட்டத்தைக் கேம்பிரிட்ஜ் 1873இல் தொடங்கியிருந்தது. அது அந்தக் காலத்தில் பெரிய புதுமை. அருணாசலம் மாணவராக இருந்த ஆண்டுகளில் அவர் கண் முன்னே நடந்த மாற்றம் இது. இருவரும் ஆயுள் முழுவதும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1890இல் கார்பெண்டர் இலங்கை வந்தபோது, தாம் குருவாகக் கொண்ட தமிழ்த் துறவியிடம் அவரை அழைத்துப் போனார் அருணாசலம். அவருடைய கடிதங்களைக் கார்பெண்டர் 1927இல் நூலாக்கினார். கல்வி எளியவரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் அருணாசலத்திடம் பின்னாளில் வலுத்ததற்கு இந்த நட்பும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1906 ஜனவரியில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் அருணாசலம். அவருடைய உறவினரான ஆனந்த குமாரசுவாமியும் கூடவே நின்றார். அப்போது இலங்கையில் உயர்கல்வி என்றால் என்ன? கேம்பிரிட்ஜும் லண்டனும் அனுப்பும் வினாத்தாள்களுக்குப் பிள்ளைகள் மனனம் செய்வது. கெட்டிக்காரர் ஒருவர் இருவர் ஆண்டுதோறும் அரசு செலவில் கப்பல் ஏறுவார்கள். மிச்சப் பேர் எழுதுவினைஞர் வேலைக்குப் போவார்கள். இங்கிலாந்து மன்னர்களின் வரிசை தெரிந்த மாணவனுக்குத் தன் ஊரின் குளத்தைக் கட்டியது யார் என்று தெரியாது. ஆங்கிலத்தில் செய்யுள் ஒப்புவிப்பவனுக்குத் தாய்மொழியில் ஒரு கடிதம் எழுத வராது.

அருணாசலத்தின் குறை இங்கேதான் இருந்தது. தேர்வை நடத்தும் இடமாக அல்ல, கற்பிக்கும் இடமாக ஒரு பல்கலைக்கழகத்தை அவர் கேட்டார். ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். பாடத்திட்டம் இந்த மண்ணின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். சிங்களமும் தமிழும் கட்டாயம் கற்பிக்கப்பட வேண்டும். ஆங்கிலம் இருக்கட்டும், அது தாய்மொழியின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. ஆங்கிலத்தால் உச்சிக்குப் போன ஒருவர் இதைச் சொன்னார் என்பதுதான் அதன் எடை. அவரே திருவாசகப் பாடல்களையும் ஞானவாசிட்டத்தையும் மொழிபெயர்த்தவர். இலங்கை வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார்.

அரசு மெதுவாக அசைந்தது. குழுக்கள் கூடின, அறிக்கைகள் வந்தன, நடுவில் உலகப் போரும் வந்தது. 1921 ஜனவரியில்தான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. திறந்த பிறகும் பட்டம் லண்டனுடையது, வினாத்தாளும் லண்டனுடையது. சொந்தப் பட்டம் வழங்கும் இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் வந்தபோது அருணாசலம் மறைந்து 18 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அடுத்து, தோட்டங்கள். 1911 குடிசன மதிப்பீடுதான் இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் முதன்முதலாகத் தனித்தனியே எண்ணியது. இரு தரப்பும் ஏறத்தாழச் சமம், ஒவ்வொன்றும் சுமார் 5 இலட்சத்து 30 ஆயிரம். ஒரு பாதிக்குக் கல்லூரிகளும் அச்சகங்களும் சட்டசபை உறுப்பினரும் இருந்தார்கள். மறு பாதிக்கு லயன் அறையும் பெரட்டுக்களமும் கங்காணியின் கடன் புத்தகமும் இருந்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டுப் போவதும் வேலைக்கு மறுப்பதும் குற்றம். மற்றவர்களுக்கு ஒப்பந்த மீறல் என்றால் பண வழக்கு. இவர்களுக்கு அது சிறை. பசறையிலோ அப்புத்தளையிலோ மடுல்சீமையிலோ ஒரு தொழிலாளி இரவில் தோட்டத்தை விட்டு ஓடினால், பிடிபட்டதும் நீதிமன்றம், பிறகு மறியல். பெண்களும் சிறுவர்களும்கூட இந்தச் சட்டத்தில் சிறை போனார்கள். கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. அந்தக் கடனை எழுதிய காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாமைத் தாண்டி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள்.

அரச சேவையிலிருந்து 1913இல் ஓய்வு பெற்ற அருணாசலம் வீட்டில் இருக்கவில்லை. 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். கொழும்பின் வறிய குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகளும் மருத்துவ உதவியும் அதன் வேலைகள். 1919 ஜூனில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகம் வந்தது. தலைவர் அருணாசலம், செயலாளர் பெரி. சுந்தரம். மலையகத்துப் பிள்ளையாகக் கேம்பிரிட்ஜ் வரை போய்ப் பாரிஸ்டரானவர் பெரி. சுந்தரம். பின்னாளில், 1931இல், தொழில் அமைச்சராகவும் ஆனார். இருவரும் மனுக்கள் எழுதினார்கள், லண்டன் வரை கதவுகளைத் தட்டினார்கள். இந்தியாவிலிருந்தும் அழுத்தம் சேர்ந்தது. 1921இல் வந்த சட்டம் துண்டு முறையையும் சிறைத் தண்டனைப் பிரிவுகளையும் நீக்கியது.

இதைப் பெரிதுபடுத்தவும் வேண்டாம். நலன்புரிக் கழகம் தொழிற்சங்கம் அல்ல. கொய்யும் பெண்ணோ கவ்வாத்து வெட்டும் ஆணோ அதன் கூட்டத்தில் கை உயர்த்தவில்லை. மேலிருந்து நீட்டப்பட்ட கை அது. தொழிலாளரையே திரட்டும் வேலையை கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் பிறகு செய்தார்கள். ஆனால் தோட்டத்தை விட்டுப் போனவன் குற்றவாளி அல்ல என்று சட்டம் ஒப்புக்கொள்ளாதிருந்தால், சங்கம் வைக்க யார் வந்திருப்பார்கள்?

அருணாசலத்தின் இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே போனதுதான் துயரம். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. ஆறு வயது முதல் பத்து வயது வரை, அவ்வளவுதான். பத்து வயதுக்கு மேல் கை கொழுந்துக்குத் தேவைப்பட்டது. 1940களில் வந்த இலவசக் கல்வியும் லயத்து வாசலில் நின்றுவிட்டது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டபோது பெரும்பாலானோரிடம் காட்டக் காகிதம் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்குள் 1977 வந்தது, பிறகு 1983. தோட்டங்களை விட்டு ஓடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் அங்கேயும் போருக்குள் அகப்பட்டன.

இன்று பதுளையிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம், இந்நாட்டின் மூலப்பொருள்களுக்கு மதிப்புக் கூட்டுவதையே பாடமாக வைத்தது. தேயிலைத் தொழில்நுட்பத்தில் அங்கே பட்டம் படிக்கலாம். அருணாசலம் கேட்ட, மண்ணிலிருந்து தொடங்கும் பாடத்திட்டத்துக்கு இது நெருக்கமானது. கற்பிக்கும் மொழி ஆங்கிலம். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் பதுளையும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அந்த ஒதுக்கீடு மாவட்டத்தைத்தான் பார்க்கிறது, லயத்தைப் பார்ப்பதில்லை. உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் தமிழில் நடக்கும் பாடசாலைகள் ஊவாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றைத் தாண்டி உள்ளே வரும் பிள்ளை, பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்ததை முதல் வாரத்திலேயே ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். கற்பித்தலில் புதுமை என்று பல்கலைக்கழகங்கள் பேசும்போது திரையும் இணைய வகுப்பும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதைவிட எளியது. முதலாண்டில் சிறு குழுக்களில் நடக்கும் வகுப்பு, தமிழில் விளக்கம் கேட்க ஒரு துணை விரிவுரையாளர், கலைச்சொற்களுக்கு ஒரு கைநூல். 1906இல் மனனம் வேண்டாம், கற்பித்தல் வேண்டும் என்று அருணாசலம் கேட்டதும் இதைத்தான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. ஹாலிஎலவிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ போகும் பிள்ளைக்கும், முல்லைத்தீவிலிருந்து போகும் பிள்ளைக்கும் அங்கே ஒரே அறையில் கட்டில் கிடைக்கலாம்.