புத்தளத்து வழி நடந்த துறவி

புத்தளத்துக் களப்பின் கரையிலே மாலைப் பொழுதில் உலாவும் வழக்கமுடையேன் யான். மேற்கே கற்பிட்டித் தீபகற்பம் கரிய கோடெனத் தோன்றும். இக்கரைக்குத்தான் 1690-ஆம் ஆண்டு யோசேப் வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தரின் கெடுபிடி மிகவே, கண்டி வேந்தனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்தை அவர் நாடினார். எங்கள் ஊர் ஒருவருக்குப் புகலிடமாயிருந்தது என்பதில் எனக்குள்ள பெருமையை வாசகர் பொறுப்பாராக.

அடிகளார் 1651-இல் கோவாவிலுள்ள பெனோலிமில் பிறந்தவர். கொங்கணி பேசும் அந்தணர் மரபினர். குருவாகித் துறவியரோடு கூடி வாழ்ந்த அவர், இலங்கையில் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதைக் கேள்வியுற்றார். 1687-இல் யோவான் என்னும் பணியாளோடு, வறிய கூலியாளின் கோலத்திலே இந்நாட்டுக்கு வந்தார். ஒல்லாந்தர் அச்சமயத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. வந்த சின்னாட்களிலேயே கடும் வயிற்றுளைவு இருவரையும் வீழ்த்தியது. அந்நியரென்று பலரும் அஞ்சி விலகினர். கஞ்சி கொடுத்துக் காத்தவள் ஒரு பெண். அவள் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. எழுதவேண்டிய பெயர்களை விட்டுவிடுவது வரலாற்றின் பழைய குணந்தானே!

உடல் தேறியபின் கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாக இரந்தார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று நோக்குவதே அவ்விரத்தலின் உட்பொருள். பிச்சை கேட்பவன் பிறர் முகத்தை எவ்வளவு கூர்ந்து நோக்குகிறான் என்பதை, கொடுக்கும் நாம் நினைப்பதில்லை.

1692-இல் புத்தளத்திலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிலிட்டனர். சிறையிலிருந்த காலத்தை வீணாக்காது சிங்களம் கற்றார். பின்னர் இரண்டாம் விமலதருமசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார்.

இனிச் சொல்லவிருப்பதே என்னை உறுத்துவது. 1697-இல் கண்டியிலே வைசூரி பரவிற்று. வேந்தனும் செல்வரும் நகரை நீங்கினர். நோயுற்றோர் உறவினராலும் கைவிடப்பட்டுக் காடுகளிலே கிடந்தனர். அடிகளார் தம் மருமகனாகிய யோசேப் தெ கார்வாலோவுடன் குடிசைகள் அமைத்து அவர்களைச் சேர்த்தார். புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தாரைப் புதைத்தார். நோயாளி எச்சமயத்தார் என்று அவர் வினவியதில்லை. பின்னாளில் ஆயர் பதவி நாடி வந்தபோது அதனை மறுத்தார். 1711 சனவரி 16-இல் கண்டியிலேயே மறைந்தார். 2015-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, அடுத்த வீட்டுக் கிழவர் காய்ச்சலிற் படுத்தார். அவர் மகன் வெளிநாட்டிலிருந்தான். மாணவர்க்கு அடிகளாரின் கதையை ஆண்டுதோறும் சுவைபடச் சொல்லும் யான், படலையைத் தாழிட்டு, சோற்றுப் பொதியை வேலிக்குமேலே நீட்டிவிட்டுத் திரும்பினேன். சட்டம் அவ்வாறு விலகியிருக்கப் பணித்ததென்பது உண்மை; அது எனக்கு வாய்ப்பாயிருந்ததென்பதும் உண்மை. எட்ட நின்றேனும் பெயர் சொல்லி அழைத்து நலம் வினவியிருக்கலாம். அதற்கு எச்சட்டமும் தடையாயிருக்கவில்லை.

கிழவர் பிழைத்தார். இன்று மாலையும் களப்புக் கரையிலே என்னோடு நடந்தார். அந்நாட்களைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. யானும் இதுவரை கேட்டதில்லை.