எட்டயபுரத்துக்கு வந்த வீணையும் வயலினும்: முத்துசுவாமி தீட்சிதரை எந்த வாத்தியத்தில் கேட்பது?

மொபைலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். முதலில், எல்கேஜி குழந்தைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாட்டைக் கேளுங்கள். அடுத்து, மொசார்ட் 1780-களின் தொடக்கத்தில் எழுதிய பன்னிரண்டு வேரியேஷன்களை யாராவது பியானோவில் வாசித்த பதிவைத் தேடுங்கள். மூன்றாவதாக, முத்துசுவாமி தீட்சிதரின் 'சியாமளே மீனாட்சி'.

மூன்றும் ஒரே மெட்டுதான்! ஏதோ கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று நினைக்காதீர்கள். பிரான்சில் புழங்கிய ஒரு பழைய மெட்டு, ஒரு பக்கம் வியன்னாவுக்குப் போனது. இன்னொரு பக்கம் கப்பல் ஏறி, சென்னைக் கோட்டை வழியாக, மதுரை மீனாட்சியின் பாட்டாக மாறியது.

மாற்றியவர் சாதாரண ஆள் இல்லை. தியாகராஜர், சியாமா சாஸ்திரியோடு சேர்த்து கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர். அவருடைய கடைசி மூச்சு நின்ற இடம் கரிசல் காட்டில் இருக்கும் எட்டயபுரம். மதுரையிலிருந்து தூத்துக்குடி நெடுஞ்சாலையில் போனால் அருப்புக்கோட்டை, பந்தல்குடி தாண்டி வரும் ஊர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பாரதி பிறந்த ஊராக மட்டும்தான் தெரியும்.

திருவாரூர் பையன், மணலி பங்களா

தீட்சிதர் பிறந்தது 1775-ல், திருவாரூரில். அப்பா ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்வான். இன்று கச்சேரி தொடங்கும்போது அடிக்கடி காதில் விழும் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான். ரொம்ப நாள் குழந்தை இல்லாமல் வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால், அங்கே இருக்கும் முத்துக்குமாரசுவாமியின் பெயரையே வைத்தார்கள். பிறகு சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகள், பாலாம்பாள் என்று ஒரு தங்கை.

குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் மணலிக்கு இடம்பெயர்ந்தது. அழைத்து வந்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். கவர்னருக்கு துபாஷியாக, அதாவது கம்பெனிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சையும் வியாபாரத்தையும் கவனித்தவர். அவருடைய மகன் சின்னையா முதலியாருக்கும் இசை மேல் அப்படி ஒரு பிரியம். தீட்சிதர் சகோதரர்களை ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய், கம்பெனி பேண்டு வாசிப்பதைக் கேட்க வைத்தார்.

அந்த பேண்டு என்ன வாசித்திருக்கும்? பட்டாளம் அணிவகுக்கும் மெட்டு, விருந்தில் ஆடும் அயர்லாந்து நாட்டுப்புற மெட்டு, ராஜாவுக்கு வாழ்த்துப்பா. பாக் மாதிரியான பெரிய ஆட்களின் சங்கதி அல்ல. சிப்பாய் வாய்க்குள் முணுமுணுக்கும் சரக்கு. ஆனால் வீட்டில் காலையும் மாலையும் ராகத்தை இழைத்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு, ஸ்வரங்கள் ஆடாமல் அசையாமல் படிக்கட்டு மாதிரி நேராக நிற்பது புதுசாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு அண்ணன் தம்பிகளும் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பாலுசுவாமி அந்த வாத்தியத்தையே எடுத்துக்கொண்டார். சின்னையா முதலியார் ஏற்பாட்டில் ஒரு ஐரோப்பிய வயலின் வாத்தியாரிடம் மூன்று வருஷம் கற்று, அதில் நம்ம ராகங்களை வாசித்துக் காட்டினார். இன்று வயலின் பக்கவாத்தியம் இல்லாத கச்சேரியே கிடையாது என்றால், அந்தக் கதை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அண்ணன் முத்துசுவாமி எடுத்துக்கொண்டது மெட்டை.

காசியிலிருந்து வந்த வீணை

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துப் போனார். சில வருஷங்கள் அங்கே வேதாந்தம், ஸ்ரீவித்யை. கூடவே இந்துஸ்தானி இசை, குறிப்பாக நிதானமாக நகரும் துருபத். அவருடைய பாடல்களின் யானை நடைக்கு இதுவும் ஒரு காரணம் என்று இசை தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

திரும்பும்போது கையில் ஒரு வீணை இருந்தது. கங்கையில் இறங்கியபோது கிடைத்தது, யாளி முகம் மேல்நோக்கி இருந்தது, தேவநாகரியில் ராமன் பெயர் பொறித்திருந்தது என்பது பரம்பரைக் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தீட்சிதர் வீணைக்காரர் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அவருடைய பாட்டுகள் வீணையின் தந்தியை மனதில் வைத்தே கட்டப்பட்டவை.

பிறகு திருத்தணி. அங்கே ஒரு முதியவர் வாயில் கற்கண்டு போட்டார், உடனே முதல் கீர்த்தனை பிறந்தது என்பார்கள். 'ஸ்ரீநாதாதி குருகுஹோ', மாயாமாளவகௌளை ராகம். அன்றிலிருந்து பாட்டுக்குள் 'குருகுஹ' என்ற கையெழுத்து. காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் போய், கோயில் கோயிலாகப் பாடினார். கமலாம்பா நவாவரணமும் நவக்கிரக கீர்த்தனைகளும் அவருடையவை. தஞ்சை நால்வர் என்று பரதநாட்டியக்காரர்கள் கொண்டாடும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். அதில் வடிவேலு வயலினிலும் கெட்டிக்காரர். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார்.

'நோட்டு' என்றால் என்ன?

கோட்டை பேண்டு மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்தில் எழுதிய பாட்டுகளுக்கு 'நோட்டுஸ்வர சாகித்யம்' என்று பெயர். ஆங்கிலத்தின் 'நோட்'தான் நோட்டு. சுமார் 40 பாட்டுகள். 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் ராஜாவுக்கான வாழ்த்துப்பாவின் மெட்டு. ராஜா இருந்த இடத்தில் அம்பாளை உட்கார வைத்துவிட்டார்! 'வந்தே மீனாட்சி'க்கு 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற அயர்லாந்து ஆட்ட மெட்டு. முருகன் மேல் உள்ள ஒரு பாட்டு, 'பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ்' என்ற படை அணிவகுப்பு மெட்டு. முருகன் தேவசேனாபதி ஆச்சே, பொருத்தம்தான்.

எல்லாமே சங்கராபரண ஸ்வரங்களில் இருக்கும். பியானோவில் வெள்ளைக் கட்டைகளை ஸி-யிலிருந்து வரிசையாகத் தட்டினால் வரும் அதே ஏழு ஸ்வரம். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சங்கராபரணத்தைக் கச்சேரியில் பாடும்போது ஸ்வரங்களை அசைத்து, இழுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவார்கள். அதற்கு கமகம் என்று பெயர். நோட்டுப் பாட்டில் கமகம் கிட்டத்தட்ட கிடையாது. அதனால்தான் குழந்தைகளுக்குச் சுலபமாக வருகிறது.

இங்கேதான் வாத்தியத்தின் வேலை ஆரம்பிக்கிறது. மேற்கத்திய ரசிகர்களுக்குள் ஒரு தீராத சண்டை உண்டு: பாக் எழுதிய பிரெஞ்சு சூட், ஆங்கில சூட், பார்ட்டிட்டாக்களை ஹார்ப்சிகார்டில் கேட்பதா, பியானோவிலா? ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். பியானோவில் சுத்தி அடிக்கும். விரலின் அழுத்தம் சத்தத்தில் தெரியும். குஸ்தாவ் லியோன்ஹார்ட் ஹார்ப்சிகார்டில் வாசித்த பதிவில் நேரத்தை ஒரு மயிரிழை தள்ளிப்போட்டே உணர்ச்சியைக் கொண்டுவருவார். அதே சூட்டுகளை க்ளென் கூல்ட் பியானோவில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனி மணியாக உதிர்ப்பார். பாக் காலத்து வீடுகளில் சாதாரணமாக இருந்தது ஹார்ப்சிகார்டும் கிளாவிகார்டும்தான். அதற்காக கூல்டின் பதிவைத் தூக்கிப்போட முடியுமா என்ன?

நம்ம ஊரில் அந்தச் சண்டையின் வடிவம் வீணையும் வயலினும். வீணை மீட்டும் வாத்தியம். மீட்டிய கணத்திலிருந்து ஒலி தேய ஆரம்பிக்கும். ஹார்ப்சிகார்டின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், ஒரே ஒரு வசதி கூடுதலாக: மெட்டின் மேல் தந்தியை இழுத்தால் ஒரே மீட்டலில் மூன்று நான்கு ஸ்வரம் பேசும். வயலினில் வில் ஓடும்வரை ஒலி தேயாது. குரலைப் போல நீளும்.

நோட்டுப் பாட்டை வீணையில் கேட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக விழுந்து, பொம்மைப் பெட்டிக்குள்ளிருந்து வரும் இசை மாதிரி அழகாக இருக்கும். வயலினில் கேட்டால் அந்த ஆட்டம் மெட்டுகள் தங்கள் பூர்வீகத்துக்கே திரும்பிவிடுகின்றன, கால் தானாகத் தாளம் போடும். இந்தச் சின்னப் பாட்டுகளுக்கு வயலின்தான் ஒரு படி மேல். குரலில் கேட்க ஆசையா? அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழும் கன்னிக்ஸ் கண்ணிகேஸ்வரன் குழந்தைகளைச் சேர்ந்து பாடவைத்து, மேற்கத்திய வாத்தியங்களோடு ஒரு தொகுப்பாகவே வெளியிட்டிருக்கிறார். இந்த மரபு தீட்சிதரோடு நிற்கவும் இல்லை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் 'இங்கிலீஷ் நோட்டை' மதுரை மணி ஐயர் பாடிய பதிவைக் கேட்டுவிட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

பெரிய பாட்டுகளில் கணக்கு தலைகீழ்

தீட்சிதரின் பெரிய கீர்த்தனைகளுக்கு வந்தால் தீர்ப்பு மாறிவிடும். அவை மெதுவாக, கனமாக நகரும். கடைசியில் மட்டும் சொற்கள் இரட்டை வேகத்தில் ஓடும். அந்த மெதுவில் ஸ்வரங்களுக்கு இடையே இருக்கும் வெளியைத் தாங்கிப்பிடிப்பது கமகம். எஸ். பாலச்சந்தர் வீணையில் ஒரே மெட்டிலிருந்து தந்தியை இழுத்து இழுத்து ஸ்வரங்களைப் பிழிந்தெடுப்பதைக் கேட்டால், இந்த இசை எந்தக் கையிலிருந்து பிறந்தது என்பது புரிந்துவிடும். குரலில் என்றால் டி.கே. பட்டம்மாள். தீட்சிதர் வம்சத்து அம்பி தீட்சிதரிடமே பாடம் கேட்டவர். ஒரு சொல்லைக்கூடச் சிதைக்க மாட்டார். எம்.எஸ்.ஸின் 'ரங்கபுர விஹார' முதல் முறை கேட்கிறவர்களுக்கு நல்ல வாசல்.

பியானோ, கீபோர்டு, ஆர்மோனியம்? நோட்டுப் பாட்டுக்கு ஓகே. கீர்த்தனைக்கு கஷ்டம், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் சுருதி அதில் கிடைக்காது. இதே காரணத்தையும் சொல்லித்தான் 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது. நாடகக் கொட்டகையில் ஆர்மோனியத்தை நம்பிப் பிழைத்த கலைஞர்களுக்கு அது பெரிய அடி. கீபோர்டில் கமகம் வராது என்பது உண்மை. அதற்காக ஒரு வாத்தியத்தையே வானொலியை விட்டு வெளியே தள்ளியது அதிகம்தான்.

கரிசல் காட்டில் மழை

இதற்குள் தம்பி பாலுசுவாமி வயலினோடு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆகியிருந்தார். அண்ணன் மதுரையிலிருந்து தம்பியைத் தேடி எட்டயபுரம் கிளம்பினார். கையில் வீணை, கூடச் சீடர்கள்.

இன்று அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த வழி எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் காலில் ஒட்டும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்பு மண். பனை, பருத்தி, கம்பு, சோளம். கண்மாய் நிறைந்தால் அந்த வருஷம் சோறு, இல்லையென்றால் இல்லை. குண்டாறு முக்கால்வாசி நாள் மணலாகவே கிடக்கும்.

காய்ந்து கிடந்த அந்த மண்ணைப் பார்த்து மனம் பொறுக்காமல், தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகத்தில் 'ஆனந்தாமிர்தகர்ஷிணி' பாடினார், மழை கொட்டியது, பிறகு நிறுத்தச் சொல்லியும் பாட வேண்டியிருந்தது என்பது வழிவழியாக வரும் கதை. மழைக்கும் ராகத்துக்கும் அறிவியல் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் திருவாரூரின் காவிரித் தண்ணீரில் வளர்ந்த ஒருவர், பெரிய கோயிலையோ ராஜாவையோ விட்டுவிட்டு, வறண்ட நிலத்துக்காகப் பாடியதாக ஒரு கதையை ஊர் இத்தனை காலம் வைத்திருக்கிறது. ஐந்தே ஸ்வரம் கொண்ட ராகம் அது. வீணையில் கேட்டால் சொட்டுச் சொட்டாக விழும்.

1835 அக்டோபர் 21, நரக சதுர்த்தசி. தீபாவளி அன்று, சீடர்கள் 'மீனாட்சி மே முதம்' பாடிக்கொண்டிருக்க, எட்டயபுரத்தில் தீட்சிதரின் உயிர் பிரிந்தது. சமாதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு புத்தகம் இல்லையென்றால்

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் கேட்க அதிகம் மிஞ்சியிருக்காது. அன்றைக்கு ரெக்கார்டிங் கிடையாது. பாட்டு வாயிலிருந்து வாய்க்குத்தான் போகும். பாலுசுவாமி தன் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதரை சுவீகாரம் எடுத்து, அண்ணனின் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். அவரும் சமஸ்தான வித்வான்.

குடும்பச் சொத்தான பாட்டுகளை வெளியே கொடுக்க சுப்பராமர் லேசில் சம்மதிக்கவில்லை. விடாமல் கேட்டவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர், நம்ம இசையை மேற்கத்திய நோட்டேஷனில் அச்சிட வேண்டும் என்று 1893-லேயே வெளியீடு தொடங்கி, அதில் பணத்தையும் கண் பார்வையையும் இழந்தவர். கடைசியில் எட்டயபுரம் அரண்மனை உதவியோடு, எட்டயபுரத்து அச்சகத்திலேயே, 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. தீட்சிதரின் 229 கீர்த்தனைகள், ஒவ்வொன்றுக்கும் ஸ்வரம், எந்த இடத்தில் எந்த கமகம் என்று தனி அடையாளக் குறிகள். இரண்டு வருஷத்தில், 1906-ல் சுப்பராமர் காலமானார்.

அந்தப் புத்தகத்தால் இன்னொரு வம்பும் வந்தது. அச்சில் இருக்கும் 'வாதாபி கணபதிம்' ஒரு மாதிரி, இன்று மேடையில் வேகமும் சங்கதிகளும் ஏறி ஒலிப்பது வேறு மாதிரி. எது உண்மையான தீட்சிதர் என்று வித்வான்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் உள்ளபடியே பாடிய பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டு, முதலில் அதைக் கேட்டுவிட்டு, பிறகு வழக்கமான கச்சேரி 'வாதாபி'க்கு வாருங்கள்.