ஹைதராபாத்தை மூழ்கடித்த மூசி: விஸ்வேஸ்வரய்யா போட்ட வெள்ளக் கணக்கு என்ன?

செப்டம்பர் 15 பொறியாளர் தினம். மோக்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்தநாள். பெங்களூருவில் மழை அதிகம் கொட்டுகிற மாதமும் செப்டம்பர்தான். ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் பெயர் புதிதல்ல. கே.ஆர்.எஸ். அணை, மைசூர் திவான் பதவி இரண்டும் எல்லாருக்கும் தெரியும். ஆனா, ஒரு நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற அவர் போட்ட திட்டம் பற்றி இங்கே அதிகம் பேச்சு இல்லை.

யார் இவர்?

1861-ல், இன்றைய சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தின் முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் படித்த காலத்தில் டியூஷன் எடுத்துத்தான் செலவைச் சமாளித்தார். 1881-ல் பி.ஏ. முடித்து, மைசூர் அரசின் உதவித்தொகையில் புனே சென்று இன்ஜினியரிங் படித்தார். 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார்.

புனே அருகே கடக்வாஸ்லா அணையில் அவர் வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903-ல் பொருத்தப்பட்டன. நீர்மட்டம் ஒரு அளவைத் தொடும்வரை தண்ணீரைத் தேக்கி வைக்கும். அதைத் தாண்டினால் தானாகத் திறந்து உபரி நீரை விட்டுவிடும். 1908-ல் பம்பாய் வேலையிலிருந்து தானாகவே விலகி, ஐரோப்பா கிளம்பிப் போனார்.

1908 செப்டம்பர் 28: என்ன நடந்தது?

அன்று ஹைதராபாத்தில் மூசி ஆறு கரை புரண்டது. சுமார் 15,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. அப்சல்கஞ்ச் பகுதியில் ஒரு புளியமரத்தில் ஏறி சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது.

நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டது. 1909 ஏப்ரலில் ஹைதராபாத் வந்து சேர்ந்தார்.

முதல் வேலையே கணக்கெடுப்புதான். சம்ஷாபாத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம், அதாவது சுமார் 325 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்திருந்தன. மழைநீரோடு உடைந்த ஏரிகளின் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து நகரத்துக்குள் பாய்ந்தது. நகரத்தைத் தொட்டபோது வெள்ளம் விநாடிக்குச் சுமார் 4,25,000 கனஅடி இருந்திருக்கும் என்று கணித்தார்.

மறுபடியும் வருமா?

இவ்வளவு பெரிய வெள்ளம் எப்போதாவது ஒருமுறைதானே வரும், அதுக்காக ஏன் செலவு பண்ணணும்? எந்த அரசுக்கும் வருகிற யோசனை இது. ஹைதராபாத் மாநிலத்தில் போதிய மழைப் பதிவுகள் கிடையாது. அதனால் நாட்டின் மற்ற பகுதிகளின் மழைக் கணக்கையும் சேகரித்துப் பார்த்தார். பக்கத்துப் பகுதியில் பெய்த மழை இங்கே பெய்யாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அப்படிப்பட்ட வெள்ளம் திரும்பவும் வரும் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போட்டார்.

நகரத்துக்குள் கரையை உயர்த்தினால் மட்டும் போதாது என்பது அவர் முடிவு. ஆறு தாங்கக்கூடிய அளவு தண்ணீர் மட்டும் நகரத்துக்குள் வரட்டும். மிச்சத்தை மேலேயே பிடித்து வைத்து, மெதுவாக விடலாம். அதற்காக மூசியில் ஒன்று, அதன் கிளை ஆறான ஈசியில் ஒன்று என இரண்டு நீர்த்தேக்கங்களைப் பரிந்துரைத்தார். 1909 நவம்பரில் மைசூரின் தலைமைப் பொறியாளராகப் போய்விட்டார். பிறகு 1912 முதல் 1918 வரை திவான். மூசியில் உஸ்மான் சாகர் 1920-லும், ஈசியில் ஹிமாயத் சாகர் 1927-லும் முடிந்தன.

இதில் சிக்கல் எங்கே?

வெள்ளத்தைத் தடுக்க நீர்த்தேக்கத்தில் காலி இடம் வேண்டும். குடிநீருக்கு அது நிரம்பி இருக்க வேண்டும். இரண்டு ஏரிகளும் ஹைதராபாத்தின் குடிநீர் ஆதாரமாகவும் ஆனதால், இந்த இழுபறி கூடவே வந்தது. ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குப் பெரிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தி 1996-ல் அரசாணை 111 வந்தது. அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தத் தெலங்கானா அரசு 2022-ல் ஆணையிட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் கான்கிரீட் கூடக் கூட, அதே மழைக்கு வருகிற வெள்ளமும் கூடும்.

சென்னைவாசிகளுக்கும் இது தெரிந்த கதைதான். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டு, அடையாறு ஊருக்குள் புகுந்தது. ஏரியில் முன்கூட்டியே இடம் விட்டிருக்கலாமே என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது.

பெங்களூருவுக்கு என்ன பாடம்?

பெங்களூரு நகருக்குள் மூசி மாதிரி பெரிய ஆறு இல்லை. மழைநீர் போக ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்களும், ஒன்றோடொன்று இணைந்த ஏரிகளும்தான் வழி. 2022 செப்டம்பரில் ஒரே இரவில் 131.6 மில்லிமீட்டர் பெய்ததற்கே நகரின் கிழக்குப் பகுதியில் படகும் டிராக்டரும் ஓடின. சம்ஷாபாத்தில் 1908-ல் ஒரு நாளில் பெய்தது அதைப்போல இரண்டரை மடங்கு.

1937-ல் ஒரிசாவின் மகாநதி வெள்ளத்தை ஆராயப் போனபோதும், ஆற்றின் மேற்பகுதியில் தண்ணீரைத் தேக்கும் வழியையே விஸ்வேஸ்வரய்யா சொன்னார். 1955-ல் பாரத ரத்னா பெற்ற அவர், 1962-ல் பெங்களூருவில் காலமானார்.

அவர் முறைப்படி பார்த்தால், உங்கள் தெருவில் இதுவரை எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை வைத்துக் கால்வாயின் அகலத்தை முடிவு பண்ணக் கூடாது. இதே பீடபூமியில் எங்காவது பெய்த மிகப்பெரிய மழை இன்றிரவு இங்கே பெய்தால், அந்தத் தண்ணீர் எந்த ஏரியில் போய் நிற்கும்? அங்கே இடம் இருக்கிறதா? வார்டு கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.