செல்ஃப் மோட்டார் இல்லாத காலத்தில் நேரத்துக்கு பஸ் விட்டவர்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு 1912 வாக்கில் ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். ரயில் வந்ததே 1920-களின் கடைசியில்தான். பஸ் கிளம்பலைன்னா மாட்டுவண்டிதான் கதி. அந்த பஸ்ஸை விட்டவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். ஆமாம், டி.வி.எஸ் என்ற மூன்றெழுத்துக்குச் சொந்தக்காரர்.

1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அப்பாவின் ஆசைக்காக வக்கீல் ஆனார், பிறகு ரயில்வே, அப்புறம் வங்கி. மாதச் சம்பளத்தை உதறிவிட்டு பஸ் தொழிலுக்கு வந்தது பெரிய ரிஸ்க்.

ஏன்னா, அன்றைய வண்டியை ஸ்டார்ட் செய்வதே ஒரு போராட்டம். முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் சொருகிக் கையால் சுற்ற வேண்டும். அப்போது மேக்னீட்டோ என்ற சின்ன ஜெனரேட்டர் மின்சாரம் உண்டாக்கி, ஸ்பார்க் பிளக்கில் பொறி விழச் செய்யும். பிளக் ஈரமானால் பொறி வராது. பொறி கொஞ்சம் முந்தி விழுந்தாலோ எஞ்சின் திருப்பி உதைக்கும். சுற்றுபவரின் மணிக்கட்டே முறிந்துவிடும். இதற்கு முடிவு கட்டிய மின்சார ஸ்டார்ட்டரை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்க, அது கேடிலாக் காரில் வந்ததும் 1912-ல்தான். கேடிலாக்கைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் வண்டிகளைப் பின்னாளில் மதுரையில் விற்றவர் நம்ம ஐயங்கார்!

இப்படி முரண்டு பிடிக்கிற வண்டிகளை வைத்துக்கொண்டுதான், டி.வி.எஸ் பஸ்ஸைப் பார்த்து கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்று ஜனங்கள் பேசும் அளவுக்கு நேரம் தவறாமல் ஓட்டினார். பஸ்ஸோடு நிற்காமல் பணிமனை, உதிரிபாக வியாபாரம் என்று விரிந்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை டி.வி.எஸ் தயாரித்தது. பெட்ரோல் இல்லை என்று ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை.

1955-ல் மறைந்தார். ஆறு வருஷம் கழித்து, 1961-ல், பிரிட்டனின் லூகாஸுடன் சேர்ந்து அவர் குடும்பம் லூகாஸ் டி.வி.எஸ் கம்பெனியைத் தொடங்கியது. அங்கே தயாராவது என்ன தெரியுமா? ஸ்டார்ட்டர் மோட்டார்.

இன்றைக்கு அந்த மோட்டார் மக்கர் பண்ணுதா, பேட்டரியா என்று கண்டுபிடிக்க ஹேண்டில் வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்க. வெளிச்சம் சட்டென்று மங்கினால், பெரும்பாலும் பேட்டரி டவுன், இல்லைன்னா டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி; அதைத் துடைத்து இறுக்கினாலே பல வண்டி கிளம்பிடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ் ஒயர். வெளிச்சம் மங்காமல், செல்ஃபும் எடுக்கலைன்னா ஃபியூஸ், ரிலே, இக்னிஷன் சுவிட்ச், ஸ்டார்ட்டர் என்று வரிசையாகப் பார்க்கணும். செல்ஃப் நல்லா சுற்றியும் எஞ்சின் பிடிக்கலையா? பொறி வரலை, அல்லது பெட்ரோல் வரலை. புது பேட்டரி வாங்கக் கிளம்பிடாதீங்க.